போர்முனையிலிருந்து வந்த கடிதங்கள்



எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கும் என்னைப் போன்றோர் காய்கனி வாங்குவதற்குக் காந்திச் சந்தைக்குச் சென்று வருவதுண்டு. அச்சந்தையின் அருகே முதல் உலகப் போரின் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. கூடையும் பையுமாகப் போவோர் வருவோர் அதை நின்று நோக்குவதில்லை. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெறும்வரை நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். அந்தப் போருக்கு ஆள் கொடுத்த ஊர்கள் பலவற்றில் ஆங்கில அரசு கல்வெட்டுகளைப் பதித்தது. அவை பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. 1914 முதல் 1919 வரை நிகழ்ந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து சென்றோர் இத்தனை பேர்; அவர்களுள் உயிர் துறந்தோர் இத்தனை பேர். இவ்வளவே செய்தி. சென்றவன் யார் மகன், எந்தக் கடலைத் தாண்டினான், அங்கே எதைக் கண்டு அஞ்சினான், எதை எண்ணி ஏங்கினான் என்று கல் சொல்வதில்லை.

கல் சொல்லாததைச் சொல்லவல்லது ஒன்று உண்டு. அது அவன் கைப்பட எழுதிய நாட்குறிப்பு; அல்லது வீட்டுக்கு எழுதிய கடிதம். அத்தகைய ஏடுகள் எவ்வாறு பிறந்தன, யார் கையில் அவை பிழைத்தன, யார் கையில் அழிந்தன என்பதே இன்று நான் உங்களோடு பேச விரும்பும் பொருள்.

போர் என்பது நம் ஊருக்குப் புதிதன்று. 1751, 1752 ஆகிய ஆண்டுகளில் மலைக்கோட்டையைச் சூழ்ந்து பெரியதொரு முற்றுகை நடந்தது. கோட்டைக்குள் முகமது அலி இருந்தார்; வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் இருந்தனர். 1752ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத் தீவில் சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அந்தப் போரை ஆங்கிலேயராகிய ராபர்ட் ஓர்ம் விரிவாக எழுதி வைத்தார். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தமிழ் நாட்குறிப்பில் அக்காலத்துப் போர்ச் செய்திகள் நாள்தோறும் வருகின்றன. தமிழில் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் அத்துணைப் பழைமை உடையது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் பிள்ளையவர்கள் வணிகர்; ஆளுநர் மாளிகையில் அமர்ந்து செய்தி கேட்டவர். ஓர்ம் அவர்களோ கும்பினியின் வரலாற்றாசிரியர். இருவர் ஏட்டிலும் தளபதிகளுக்குப் பெயர் உண்டு. அவர்களுக்காகத் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் ஐந்நூறு, ஆயிரம் என்ற எண்ணாகவே வருகிறான். காந்திச் சந்தைக் கல்லுக்கு முன்னரே அவனுக்கு வாய்த்த நிலை அதுவேயாகும்.

அந்நிலை சிறிது மாறியது முதல் உலகப் போரின்போதுதான். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுத் தீ மூட்டிய செய்தியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கண்டிப்பான பாட்டனாரையும் தந்திரக்காரரையும் எம்டன் என்று சொல்லும் வழக்கு இன்றும் நம்மிடம் உள்ளது. அக்கப்பலை நினைவில் வைத்துக்கொண்ட நாம், அதே வாரத்தில் நடந்த மற்றொன்றை மறந்துவிட்டோம். செப்டம்பர் 26ஆம் நாள், இந்தியப் படையின் முதற்பகுதி பிரான்சு நாட்டின் மார்செய்ல் துறைமுகத்தில் கரை இறங்கியது. போர் முடிவதற்குள் 13 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர், படைவீரராகவும் ஏவலராகவும் சுமை தூக்குவோராகவும் பணி புரிந்தனர். அவர்களுள் 70,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை அவ்வாண்டு நவம்பர் மாதம் கிழக்காப்பிரிக்காவின் டாங்காக் கடற்கரையில் போரிட்டது. சென்னைச் சுரங்கப் படையினர் இன்று ஈராக் எனப்படும் மெசபொட்டேமியாவில் பாலமும் பாதையும் அமைத்தனர்.

இவ்வீரருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனினும் அவர்கள் கடிதம் எழுதினார்கள். 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்த இந்தியப் படையினர் வாரந்தோறும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை அனுப்பினர் என்று தெரிகிறது. எழுதத் தெரியாதவர் எங்ஙனம் எழுதினர் என்று நீங்கள் வினவலாம். படையிலே எழுதத் தெரிந்த தோழன் ஒருவனிடம் சென்று வாயாற் சொல்லி எழுதுவித்தனர். அக்கடிதம் ஊருக்கு வந்தபின், அங்கும் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். தாயோ மனைவியோ சூழ நின்ற அண்டை வீட்டாரோடு சேர்ந்துதான் அதைக் கேட்டாள். மகன் தாய்க்கு எழுதிய கடிதம் இரண்டு வேற்று மனிதரின் நாவையும் கையையும் கடந்தே தாயின் செவியை அடைந்தது. மனைவியிடம் தனித்துச் சொல்ல வேண்டிய சொல்லை எந்தக் கணவன் அதில் வைப்பான்? ஆகவே அக்கடிதங்களின் பெரும்பகுதி நாம் பள்ளியில் கற்பித்த வாய்பாட்டிலேயே செல்லும். இவ்விடம் நலம், அவ்விடம் யாவர் நலத்துக்கும் எழுதவும், பெரியோருக்கு வணக்கம், சிறியோருக்கு ஆசி. மனத்தில் உள்ளது அந்த வாய்பாட்டின் இடுக்குகளில்தான் வெளிப்படும்.

அந்த இரு மனிதர் போதாதென்று மூன்றாவதாக ஒருவரும் நடுவே வந்து அமர்ந்தார். ஆங்கில அரசுக்குத் தன் இந்தியப் படைவீரர் மீது ஐயம் இருந்தது. அயல்நாடுகளில் இருந்த புரட்சியாளர் அச்சடித்த ஏடுகள் படைவீரரிடம் சென்று சேருமோ என்று அது அஞ்சியது. எனவே பிரான்சில் இந்திய அஞ்சலுக்கென்றே தனித் தணிக்கை அலுவலகம் ஒன்று ஏற்பட்டது. அது பின்னர் பூலோன் என்னும் கடற்கரை நகரில் இயங்கியது. இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஈவ்லின் ஹவெல் என்பார் அதன் தலைவராக இருந்தார். உருதுவும் இந்தியும் குருமுகியும் அறிந்த உதவியாளர் சிலருடன் அவர் மூட்டை மூட்டையாக வரும் கடிதங்களுள் இயன்றவற்றைப் பிரித்துப் படித்தார். குறிப்பிடத்தக்க பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் அறிக்கையோடு சேர்த்து லண்டன் அலுவலகங்களுக்கு அனுப்பி வந்தார்.

அவர் பெயர்த்தெழுதிய பகுதிகளை இன்று படிக்கும்போது வியப்பும் துயரமும் ஒருங்கே எழுகின்றன. தாம் கண்ட போரைச் சிலர் பாரதப் போரோடு ஒப்பிடுகின்றனர். இதுவே உலகின் முடிவு என்று சிலர் கருதுகின்றனர். காயம் ஆறியவனை வீட்டுக்கு அனுப்பாமல் மீண்டும் பதுங்குகுழிக்கே அனுப்புகிறார்கள் என்று பலர் நொந்துகொள்கின்றனர். தம்பியைப் படையில் சேர விடாதீர்கள் என்று வீட்டாருக்கு எச்சரிக்கை செய்கின்றனர். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மன்னர் ஒருவர் கட்டிய மாளிகையை மருத்துவமனையாக்கி, அவரவர் சமயமும் வழக்கமும் கெடாதபடி ஒன்பது சமையற்கூடங்கள் அமைத்துக் காயமுற்றோரைப் பேணினர். அந்த மாளிகையின் விளக்குகளையும் கட்டில்களையும் கண்டு மகிழ்ந்து எழுதியவரும் உண்டு.

வெளிப்படையாக எழுதினால் கடிதம் நிற்கும் என்பதை வீரர் விரைவிலேயே அறிந்துகொண்டனர். ஆகவே குழூஉக்குறியில் பேசத் தலைப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்த கருமிளகு தீர்ந்துபோயிற்று, மேலும் வரவழைக்க வேண்டும், செம்மிளகோ சிறிதளவே இருக்கிறது என்ற போக்கில் ஒருவர் எழுதினார். கருமிளகு இந்திய வீரர். செம்மிளகு ஆங்கில வீரர். சமையலறைச் செய்தி போலத் தோன்றும் அவ்வரிகள் உண்மையில் உயிர்ச்சேதத்தின் கணக்காகும். தணிக்கையாளருக்கு அது புரியாமலில்லை. புரிந்ததனால்தான் அதைப் பெயர்த்தெழுதி வைத்தார்.

ஆசிரியனாகிய என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டவை வேறு சில கடிதங்கள். பிரான்சின் சிற்றூர்களில் வீரர்கள் குடியானவர் வீடுகளில் தங்க நேர்ந்தது. அங்கே கணவரும் மைந்தரும் போருக்குப் போய்விட, பெண்களே ஏர் பிடித்து, பால் கறந்து, கணக்கும் எழுதி, நாள்தோறும் செய்தித்தாளும் படிப்பதைக் கண்டார்கள். கண்டவர் சும்மா இருக்கவில்லை. நம் பெண் குழந்தைகளையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று தம் வீடுகளுக்கு எழுதினார்கள். நாளை உயிரோடு இருப்போமா என்று அறியாத ஒருவன், சேற்றுக் குழியில் அமர்ந்து, தன் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்லி எழுதுவிக்கிறான். கல்வியின் பயனைப் பற்றி நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் பேசியிருக்கிறேன். அவ்வீரனின் சொல்லுக்கு இருக்கும் எடை என் சொல்லுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. தடையின்றி ஊர் போய்ச் சேர்ந்த கடிதங்கள் படிக்கப்பட்டன, அழப்பட்டன, மடித்து வைக்கப்பட்டன; பின்னர் கறையானும் மழையும் அவற்றை உண்டன. ஐயத்தோடு பிரித்துப் படித்த தணிக்கையாளர் பெயர்த்தெழுதிய பகுதிகளோ லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அன்பு காவாததை ஐயம் காத்தது. அவ்வாறு காத்ததும் அரைகுறையாகவே. வீரனின் சொந்த மொழி போய்விட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பே எஞ்சியது. அதிலும் தமிழரின் குரல் மிக அருகியே ஒலிக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பின் இந்தியப் படை முழுமைக்கும் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு தென்னாட்டார் போருக்கு உரியவரல்லர் என்ற கருத்துடையவர். போர்க்குடிகள் என்று சிலரையும் அல்லாதார் என்று சிலரையும் பிரித்த அக்கொள்கையினால் சென்னைப் படையணிகள் குறைக்கப்பட்டன. பிரான்சுக்குச் சென்றோரிற் பெரும்பாலோர் பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்கரும் கட்வாலியருமே. தமிழர் மிகுதியாகச் சென்ற மெசபொட்டேமியக் கடிதங்களுக்கு ஹவெலின் அறிக்கை போன்றதொரு களஞ்சியம் வாய்க்கவில்லை.

மெசபொட்டேமியா என்றதும், அங்கே பிழைத்து வந்த நாட்குறிப்பு ஒன்றின் கதையைச் சொல்லாமல் இருக்க இயலாது. கல்கத்தாவைச் சேர்ந்த சிசிர் பிரசாத் சர்பாதிகாரி என்பவர் சட்டம் பயின்ற இளைஞர். 1915ஆம் ஆண்டு வங்காள மருத்துவத் தொண்டர் படையில் தாமாகவே சேர்ந்து, காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் பணிக்காக மெசபொட்டேமியா சென்றார். அவ்வாண்டு நவம்பர் மாதம் பாக்தாதுக்கு அண்மையில் நடந்த டெசிபான் போரைக் கண்ணாற் கண்டார். பின்வாங்கிய படை கூட் என்னும் ஊரில் புகுந்தது. 1915 டிசம்பர் 7 முதல் துருக்கியர் அதை வளைத்தனர். முற்றுகை ஏறக்குறைய ஐந்து மாதம் நீடித்தது. உணவு அருகியது. குதிரை இறைச்சியை உண்ண மனம் ஒவ்வாத இந்திய வீரர் பலர் எலும்பும் தோலுமாயினர். 1916 ஏப்ரல் 29ஆம் நாள் ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தனர்.

சர்பாதிகாரி நாள்தோறும் குறிப்பு எழுதி வந்தவர். கைதியான ஒருவனிடம் அத்தகைய ஏடு அகப்பட்டால் கேடு விளையும். எனவே அவர் தாள்களைக் கிழித்துத் தம் காலணிக்குள் திணித்துக்கொண்டார். பாக்தாதை அடைந்ததும், சிதைந்த அத்துண்டுகளைக் கொண்டு வேறோர் ஏட்டில் மீண்டும் எழுதினார். பாலைநிலத்தின் வழியே கைதிகளை நடத்திச் சென்றபோது தம்மைச் சுற்றி விழுந்து மாண்டவர்களையும், ஆர்மீனிய மக்களுக்கு நேர்ந்த கொடுமையின் சுவடுகளையும் கண்டார். ராஸ் அல் அய்ன் என்னும் இடத்தில் ஏட்டைச் சிறிது காலம் மண்ணிலே புதைத்து வைத்துப் பின்னர் தோண்டி எடுத்தார். அலெப்போ மருத்துவமனையில் பணி புரிந்தபோதும் எழுதுவதை விடவில்லை. அங்கே துருக்கிய வீரரோடு பேசிப் பழகினார். பகைவர் என்று தமக்குச் சொல்லப்பட்ட அவர்களும் வீட்டையும் மக்களையும் பிரிந்து வந்த எளியோரே என்பதை உணர்ந்து எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1957ஆம் ஆண்டில், அது வங்க மொழியில் நூலாக வந்தது. காலணியும் மண்ணும் காத்துக் கொடுத்த ஏடு அது.

அதே கூட் நகரில் அகப்பட்ட மற்றொருவர் மருத்துவரான கேப்டன் கல்யாண் குமார் முகர்ஜி. போர்க்களத்தின் கோரத்தைக் கண்ட அவர் 1915ஆம் ஆண்டில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் எழுப்பிய வினாக்கள் கூர்மையானவை. நாட்டுப்பற்று என்ற பெயரால் ஒரு நாட்டார் இன்னொரு நாட்டாரின் மண்ணைக் கவர்வதே இத்தனை குருதிக்கும் காரணம் என்று அவர் கண்டார். தாம் உடுத்திய சீருடைக்கு உரிய அரசும் அக்குற்றத்துக்குப் புறம்பன்று என்பதையும் மறைக்கவில்லை. 1917ஆம் ஆண்டில் ராஸ் அல் அய்னில் கைதியாகவே காய்ச்சலுற்று இறந்தார். ஊரிலே அவருக்குப் பாட்டி ஒருவர் இருந்தார். மோக்ஷதா தேவி என்பது அவர் பெயர். ஏறக்குறைய எண்பது வயதை எட்டிய அம்மூதாட்டி, பேரனின் கடிதங்களைத் திரட்டி, அவனுடைய வாழ்க்கை வரலாற்றோடு கோத்து, 1928ஆம் ஆண்டில் ‘கல்யாண் பிரதீப்’ என்ற பெயரால் நூலாக்கினார். பேரனுக்குத் தாம் செய்யத்தக்க கடன் அதுவே என்று அவர் எண்ணினார் போலும். அந்தக் கிழவியின் கை இல்லையேல் அவ்வினாக்கள் நமக்கு எட்டியிரா.

வானொலியில் பேசுகிற நான் குரலைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்தியர் சிலர் பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டோர்ப் முகாமில் வைக்கப்பட்டிருந்தனர். மொழியாராய்ச்சி செய்த அறிஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே சென்றனர். 1916 டிசம்பர் 11ஆம் நாள் மால் சிங் என்னும் பஞ்சாபி வீரர் அக்கருவியின் முன் பேசினார். தம்மைப் பற்றியே, வேறு யாரோ ஒருவரைச் சொல்வது போல, இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒரு மனிதன் இங்கே வந்து அகப்பட்டுக்கொண்டான், அவன் வீடு திரும்ப ஏங்குகிறான் என்று கூறினார். அறிஞர்க்கு வேண்டியது அவரது மொழியின் ஓசை மட்டுமே. அவரோ அந்த ஓசைக்குள் தம் கடிதத்தை வைத்துவிட்டார். அப்பதிவு பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் களஞ்சியத்தில் உள்ளது.

தணிக்கையாளரின் ஐயம், கைதியின் காலணி, பாட்டியின் முதுமைக் கை, மொழியறிஞரின் கருவி என ஏதேனும் ஒன்று இடையே நின்றதால்தான் இவை பிழைத்தன. ஒன்றும் நில்லாத இடத்தில் நேர்வது யாது என்பதற்கு அயலூர் தேட வேண்டுவதில்லை. என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அதில் குற்றவாளி நான்தான்.

என் தந்தையாரின் தமையனார் இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்தவர். அப்போரில் இந்தியப் படையின் தொகை 25 லட்சத்தை எட்டியது. முன்னர்ப் போருக்கு உரியவரல்லர் என்று ஒதுக்கப்பட்ட தென்னாட்டிலிருந்தும் பெருந்தொகையினர் சென்றனர். பெரியப்பா பெங்களூரில் பயிற்சி பெற்று, சுரங்கப் படையில் பர்மா முனைக்குச் சென்றார். போர் முடிந்து ஊர் திரும்பிப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைக்கு அமர்ந்தார். மிக நல்ல மனிதர், சொல் குறைந்தவர். பர்மாவைப் பற்றி யாரேனும் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று வீட்டில் சொல்வார்கள். நான் சிறுவனாயிருக்கையிலேயே அவர் காலமானார். அவர் போரைப் பற்றிச் சொன்னது ஏதேனும் உண்டென்றால், அது அவர் அனுப்பிய முப்பது கடிதங்களில்தான் இருந்தது.

அக்கடிதங்களை எங்கள் அப்பாயி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கடிதம் வந்த காலத்தில் தெருவிலிருந்த ஆசிரியர் ஒருவர் வந்து படித்துக் காட்டுவாராம். ஒருமுறை கேட்டாலே மனப்பாடம் ஆகிவிடும் அந்தக் காலத்து நினைவாற்றல் அவருடையது. பசு கன்று போட்டதா, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி, மணியார்டர் வந்து சேர்ந்ததா, வட்டிக் கடன் எவ்வளவு அடைந்தது என்று பெரியப்பா கேட்டவற்றை வரிசை பிறழாமல் சொல்வார். இடத்தின் பெயர் எதிலும் இராது. போர்க்கள அஞ்சல் நிலையத்தின் எண் மட்டுமே இருக்கும். ஒரு கடிதத்தில், இங்கே மழை விடாமல் பெய்கிறது, வேறொன்றும் எழுதுவதற்கில்லை என்றிருந்ததாம். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், பெரியவன் எழுதின மழை இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்பாயி திண்ணையில் அமர்ந்து வானத்தைப் பார்ப்பார். இன்னொரு வரியையும் அவர் அடிக்கடி சொல்வார். எந்தக் கஷ்டம் வந்தாலும் தம்பியின் படிப்பை நிறுத்தாதீர்கள் என்பதே அவ்வரி. அந்தத் தம்பி என் தந்தையார். அவர் படித்தார், ஆகவே நான் படித்தேன், ஆசிரியனானேன்.

அப்பாயி மறைந்த இரண்டாம் ஆண்டு, 1973ஆம் ஆண்டுப் போகியன்று, வீட்டை ஒழித்து வெள்ளையடித்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. விடியுமுன் தெருவில் மூட்டிய நெருப்பில் பழம்பாயும் முறமும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. தகரப் பெட்டியைத் திறந்து, இந்தப் பழங்காகிதங்களையும் போடலாமா என்று கேட்டேன். வேலை மும்முரத்தில் இருந்தவர்கள் தலையை அசைத்தார்கள். அந்நாளில் எனக்கு அஞ்சல் தலை சேர்க்கும் பைத்தியம் உண்டு. ஆகவே ஒரே ஓர் உறையை, அதன் மேலிருந்த ஊதா நிற முத்திரை அழகாயிருந்தமையால், எடுத்து வைத்துக்கொண்டேன். உள்ளிருந்த கடிதத்தை உருவி மற்றவற்றோடு நெருப்பில் இட்டேன். அந்த முத்திரை தணிக்கையாளருடையது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தேன்.

ஆக, தணிக்கையாளரின் அடையாளம் என் மேசை இழுப்பறையில் இன்றும் இருக்கிறது. பெரியப்பாவின் எழுத்து இல்லை. வரலாறு கற்பித்தவன் வீட்டில் எஞ்சியது வெறும் உறை. மோக்ஷதா தேவியைப் பற்றி முதன்முதலாகப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பாட்டியைப் போலவேதான் எங்கள் அப்பாயியும் தம் மகன் எழுத்தைக் காத்தார். அவரிடமிருந்து வாங்கிக் காக்க வேண்டிய கைதான் தவறிவிட்டது.

நேயர்களே, இதைச் சொல்வது என் மனச்சுமையை இறக்குவதற்காக மட்டுமன்று. நம் திருச்சி வட்டாரத்தில் படைக்கு மகனை அனுப்பிய வீடுகள் நிரம்ப உண்டு. பர்மாவுக்கும் இத்தாலிக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் சென்றவர் உண்டு. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களைக் கண்டவர் உண்டு. அவ்வீடுகளின் பரண்மேல் இன்னும் ஏதேனும் ஒரு பெட்டி இருக்கக் கூடும். அருள்கூர்ந்து அதைத் திறந்து பாருங்கள். கடிதத்தை அதன் உறையோடு சேர்த்தே வையுங்கள்; உறைமேல் உள்ள நாளும் எண்ணும் முத்திரையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஊசியும் பசைநாடாவும் ஒட்டாதீர்கள்; துரு தாளைத் தின்னும், பசை எழுத்தை மங்கச் செய்யும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் தூய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். தெளிவாகப் படி எடுத்து, ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். எழுதியவர் யார், அதில் வரும் பெயர்கள் யாருடையவை என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு இன்றே குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிறகு அதைச் சொல்வாரில்லை. வீட்டில் வைக்க இடமில்லை என்றால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தாரை அணுகிக் கேளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் வீரச் செயல்களின் விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டா. பசுவும் கிணறும் கடனும் மழையும்தான் இருக்கும். அவற்றைக் குறைவாக எண்ணாதீர்கள். தன்னைச் சுற்றி என்ன நிகழ்கிறது என்று எழுத இயலாத ஒருவன், தன் உயிர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவ்வினாக்களால் தெரிவிக்கிறான். காந்திச் சந்தையின் நினைவுச் சின்னத்தை இப்போதெல்லாம் நான் நின்று நோக்கிவிட்டே காய் வாங்கப் போகிறேன். அது குறிக்கும் ஒவ்வொருவனும் ஒருநாள் எவனோ ஒரு தோழனின் பக்கத்தில் அமர்ந்து, அம்மாவுக்கு எழுது, இவ்விடம் நான் நலம் என்று சொல்லியிருப்பான் என்ற எண்ணம் எழுகிறது. அச்சொல் எந்த வீட்டிலேனும் இன்னும் இருக்குமானால், வருகிற போகிக்கு முன் அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.